ஏலக்காய் ஸ்டோரில் ஓர் எம்.டெக்.

லேபில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும், போகும் முன் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டீர்கள். நான் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. இதில் கொஞ்சம் வேலந்தாவளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது எழுதியது, கொஞ்சம் பொள்ளாச்சி டீக்கடையில், மீதி உங்கள் மேசையிலேயே. கையெழுத்து இடத்துக்கு இடம் மாறியிருந்தால் அதுதான் காரணம்.

வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, பம்பில் காற்று பிடித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நான் எழுதவில்லை. அவை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இந்த லேபுக்கு வருகிற பிள்ளைகள் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் டிகிரி வாங்க வருகிறார்கள். அந்த டிகிரிக்குப் பக்கத்தில் நிற்பது நம் வேலை. எப்போது கை கொடுப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதுதான் அதில் கஷ்டம். எனக்கு இன்னமும் கஷ்டம்.

நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எல்லைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்து, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பினேன். இடுக்கியில் தேயிலை ஃபேக்டரி, சித்தூர்ப் பக்கம் எண்ணெய் மில், திருப்பூரில் சாயப்பட்டறை, நடுவில் லாரி. இடது கைச் சுண்டுவிரலின் நுனி தேயிலை ரோலரில் போனது. அன்றைக்குச் சாயங்காலமே வேறு ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் தொடர்ந்து இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. பாய்லர் தெரியும் என்பதால் பாலக்காட்டுப் பக்கம் இந்தக் காலேஜில் தற்காலிகமாக எடுத்தார்கள். கடைசிவரை தற்காலிகம்தான். எந்த நாளும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற நினைப்புதான் என்னை இத்தனை வருஷம் இங்கே வைத்திருந்தது.

வந்த புதிதில் டிஸ்டிலேஷன் டவரை, நீராவியில் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை, ஓட்டச் சொன்னார்கள். மீட்டர் முள் கொஞ்சம் ஏறினால் நீராவியைக் குறைப்பேன், இறங்கினால் கூட்டுவேன். காலை முழுவதும் முள் ஆடியது, நானும் ஆடினேன். டீச்சர் பின்னால் வந்து நின்றார். துறையில் மூத்த பேராசிரியை. பாலக்காட்டு டவுனில் கோயில் தெருவிலிருந்து வருகிறவர். பேர் எழுத வேண்டாம் என்பார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

“அதைத் தொட்டுண்டே இருக்கியே, அது எப்போ நிலைக்கு வரும்?” என்றார். “கையைப் பின்னாடி கட்டிக்கோ.”

“சும்மா நிக்க வராதுங்க டீச்சர்.”

“நடந்துக்கோ. யார் வேண்டாம்னா? வால்வைத் தொடாதே, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லேபைச் சுற்றி நடந்தேன். நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் மூணாறு போய்த் திரும்பியிருக்கலாம். நான் வேடிக்கையாக நினைத்த அந்தப் பாடம் எதற்கு என்று தெரிந்தது மகேஸ்வரி வந்தபிறகுதான்.

மகேஸ்வரி உடும்பஞ்சோலைப் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா இருவரும் எஸ்டேட் வேலை. பி.டெக். முடித்ததும் எம்.டெக். சேர்ந்தாள். பாதியில் அப்பாவுக்கு முதுகு போய்விட, ஒரு தேயிலை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் முடித்துப் போயிருந்தார்கள்.

எம்.டெக். என்றால் என்னவென்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இது தினமும் வேண்டும். முதலில் பாடங்கள், அதற்கான கிரெடிட் மொத்தமும் தேற வேண்டும். அப்புறம் செமினார். அப்புறம் தீசிஸ். அது தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கொடுக்கும் முன் ஒருமுறை என்று கமிட்டி முன்னால் ஏறி இறங்கும். பிறகு வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் படிப்பார். கடைசியில் வைவா. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை உண்டு. சேர்ந்த நாளிலிருந்து இத்தனை வருஷத்துக்குள் தீசிஸைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. படித்த பாடமும் செல்லாது. மறுபடி முதல் செமஸ்டரிலிருந்து.

மகேஸ்வரிக்கு அந்தக் கூரை தலையில் இடிக்கும் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஏற்கெனவே ஒரு நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இன்னொன்று கிடையாது. ரத்தானால் மறுபடி சேர வீட்டில் வசதியில்லை. தம்பி பிளஸ் டூ முடிக்கப்போகிறான், அடுத்தது அவன் முறை.

அவளுடைய தீசிஸ் ஏலக்காய் காய வைப்பது. குறைந்த விறகில், பச்சை நிறம் போகாமல் எப்படிக் காய வைப்பது என்பது. அதற்காக நாங்கள் ஒரு டிரையர் செய்தோம். பீரோ உயரம், பக்கத்தில் சின்ன விறகடுப்பு, ஒரு விசிறி, உள்ளே தட்டுகள். ஒரு தட்டு மட்டும் கம்பியில் தொங்கும். அந்தக் கம்பி டிரையரின் மேல்தகடு வழியே வெளியே வந்து தராசில் மாட்டியிருக்கும். கதவைத் திறக்காமலேயே, காய் எவ்வளவு ஈரம் விட்டது என்று எடையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பச்சைக்காய் போட்டதிலிருந்து காய்ந்து முடியும்வரை ஒரு ஓட்டம். லேபில் அதை ரன் என்போம். ஒரே அளவு காய், ஒரே சூடு, கதவு திறக்காத மூன்று ரன் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது கமிட்டியின் நிபந்தனை.

ஏலக்காய் தினமும் பறிக்கிற பயிர் இல்லை. ஒரு சுற்றுப் பறித்தால் அடுத்த சுற்றுக்கு மாதத்துக்கு மேல் ஆகும். பறித்த அன்றே காயை உள்ளே போட வேண்டும், அதனால் மலையில் வாங்கிக் கீழே கொண்டுவந்து லேபில் ஓட்ட முடியாது. டிரையரை மலைக்குக் கொண்டுபோவதென்று முடிவானது. இங்கேயும் கேரளா, அங்கேயும் கேரளா. ஆனால் நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும்.

பிக்கப்பில் டிரையரைக் கட்டிக்கொண்டு கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்றோம். காவலர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“எந்தா சேட்டா இது, அலமாரியோ?”

“டிரையருங்க சார். ஏலக்காய் காய வெக்கறதுங்க.”

“ஏலக்காய் எவிடே?”

“அது இடுக்கியில இருக்குதுங்க.”

“இடுக்கிக்குப் போகான் எந்தினா தமிழ்நாட்டுக்குப் போணே?”

“ரோட்டை அப்படித்தானுங்க போட்டு வெச்சிருக்கறாங்க.”

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மகேஸ்வரி சிரிக்கவில்லை. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் தாண்டும்வரை கையிலிருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே வந்தாள். ஒரு பென்சில் பாதியானது.

உடும்பஞ்சோலையில் பாண்டி என்பவரின் ஸ்டோரில் இறக்கினோம். ஸ்டோர் என்றால் அங்கே கடை இல்லை, ஏலக்காய் காய வைக்கும் கட்டடம். பாண்டி அதைக் குத்தகைக்கு நடத்தினார். மகேஸ்வரியின் அப்பாவோடு சின்ன வயதில் ஒரே லயத்தில், அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், இருந்தவர், அவளுக்குச் சித்தப்பா முறை. அவருடைய டிரையர் ஒரு அறை அளவு பெரியது. வெளியே விறகடுப்பு. அந்தப் புகையும் சூடும் தகரக் குழாய்க்குள் அறையைச் சுற்றி ஓடிக் கூரைக்கு மேலே போய்விடும். புகை காயில் படக் கூடாது. பட்டால் அந்தக் காயை யாரும் மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

பாண்டி எங்கள் டிரையரைச் சுற்றி வந்தார்.

“இம்புட்டுப் பொட்டிக்கா ரெண்டு பேரு, ஒரு வண்டி? என்னாத்தா, இதுல எங்க வீட்டுக்கு வெத்தல காய வைக்கலாமா?”

“சித்தப்பா, இது பரிசோதனைக்கு. மூணு தடவ ஓட்டணும். ஓடும்போது கதவத் தொறக்கக் கூடாது.”

“தொறக்காம காஞ்சதா காயலையான்னு எப்பிடித் தெரியும்?”

“தராசு சொல்லும்.”

“தராசு சொல்லுமாம்ல” என்று என்னைப் பார்த்தார். “நீங்க என்னாண்ணே படிச்சிருக்கீக?”

“நான் பத்து ஃபெயிலுங்க.”

“அப்ப நம்மாளு. வாங்க, டீ குடிப்போம்.”

முதல் இரண்டு ரன் அந்தச் சுற்றுப் பறிப்பிலேயே முடிந்தன. காய் பச்சையாக, கிலுகிலுவென்று வந்தது. எடை இறங்குவதைக் காட்டும் இரண்டு வளைகோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மகேஸ்வரி முதல்முறையாக முழுச் சோறு சாப்பிட்டாள். மூன்றாவதற்கு அடுத்த சுற்றுவரை காத்திருந்தோம். அந்தச் சுற்றுக்குப் பிறகு வேறு சுற்று கிடையாது. அதற்குள் தீசிஸ் கொடுக்கும் கடைசி நாள் வந்துவிடும்.

லேப் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை நாங்கள் அங்கே செய்தோம். காய் எப்போது கிடைக்கும் என்று பார்த்து நாள் குறித்தோம். காய் கிடைக்கும் நாளில் மலை முழுக்க எல்லா ஸ்டோரும் நிரம்பி வழியும் என்று யோசிக்கவில்லை. இயந்திரம் சும்மா நிற்கிற நாளில் வேலை செய்து பழகியவர்கள் நாங்கள். அவர்களுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது.

மூன்றாவது ரன் காலையில் தொடங்கியது. நல்ல மழை. மத்தியானம்வரை தராசு அழகாக இறங்கியது. நான் ஸ்டோருக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பாண்டியின் சத்தம் கேட்டது. பெரிய டிரையரின் கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளேயிருந்து நீலமாகப் புகை வந்தது. தகரக் குழாய் ஒரு மூட்டில் துருப்பிடித்துப் பிளந்திருந்தது. அடுப்பை அணைத்து, உள்ளேயிருந்த காயை வாரி வெளியே தரையில் பரப்பினோம். அது பாதி காய்ந்தது, ஒரு நாள் தாங்கும். குழாய்க்குத் தகரம் அடிக்கிற ஆள் மறுநாள் காலையில்தான் வருவான்.

தாங்காதது வாசலில் இருந்தது. டிரையர் இல்லாத சின்னப் பாட்டக்காரர்கள், அதாவது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், பச்சைக்காயைப் பாண்டியிடம் கொண்டுவந்து காய வைத்துப்போவார்கள். அன்றும் நாலைந்து சின்னச் சாக்கு வந்து நின்றன. அதில் பாதிக்கு மேல் காமாட்சி என்ற அம்மாளுடையது. காட்டோரமாகக் கொஞ்சம் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து ஏலம் போட்டவர். அந்தச் சுற்றில் அவர் பறித்தது மொத்தமும் அதுதான். ஈரக்காயைச் சாக்கில் வைத்தால் உள்ளே சூடேறி, விடிவதற்குள் வெடித்து நிறம் மாறிவிடும். பக்கத்து ஸ்டோர்களுக்கு ஜீப் அனுப்பினார் பாண்டி. போன ஜீப் அதே சாக்குகளோடு திரும்பி வந்தது. எங்கேயும் இடமில்லை.

பாண்டி எங்கள் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

“மகேசு, கதவத் தொற.”

“சித்தப்பா, ஓடிக்கிட்டு இருக்கு.”

“தெரியும் ஆத்தா. இங்கிட்டு அந்தம்மா நிக்கிது பாரு. இந்த ஸ்டோர் கட்டுனதுலருந்து வந்த பச்சக்காயத் திருப்பி அனுப்பிச்சதில்ல. நாளப்பின்ன நான் இந்தப் பக்கம் நடக்கணும்ல.”

“தொறந்தா இது போச்சு. எனக்கு வேற நாள் இல்ல.”

காமாட்சி சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார். “பொட்டி எடுத்துட்டு வந்தப்பவே சொன்னேன்” என்றார் யாரையும் பார்க்காமல். “படிக்கிறவுக அடுப்பு கொண்டாந்தா நமக்கு ஒல கொதிக்காதுன்னு.”

“யக்கா, நீ சும்மா இரு” என்றார் பாண்டி. பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. பெரியவரு நீங்கதான.”

இந்த இடத்தைக் கவனியுங்கள். என் கை கதவுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்துவிடலாம் என்று ஒரு பக்கம் அரித்தது. நான் பசி தெரிந்தவன், அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தெரியும். திறக்கவிடக் கூடாது என்று இன்னொரு பக்கம். டிரையர் காலேஜின் சொத்து, பொறுப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் பாண்டி அடங்கியிருப்பார். எதைச் செய்திருந்தாலும் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும். அண்ணன் திறந்துவிட்டார், அண்ணன் திறக்கவிடவில்லை என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ரன் அவளுடையது. டிகிரி அவளுடையது.

“அம்மிணி சொல்றதுதானுங்க” என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் வாய் சும்மா இருந்திருக்காது.

டீச்சருக்குப் போன் போட்டிருக்கலாமே என்பீர்கள். மகேஸ்வரி போட்டாள். மலையில் மழையென்றால் சிக்னல் முதலில் போகும். வெறும் சத்தம்தான் வந்தது.

வளைவுவரை போய்த் திரும்பினேன். அவள் இன்னும் தராசின் முன்னால் நின்றிருந்தாள். இன்னொரு முறை போய்த் திரும்பினேன். அவள் எடையைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

“சித்தப்பா, தொறக்கிறேன். ஆனா நான் சொல்ற மாதிரிதான் அடுக்கணும். தொங்குற தட்டத் தொடக் கூடாது.”

“தொட்டா கைய வெட்டு.”

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த சூடு முகத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஒரு தட்டுக்கு இரண்டு தட்டுக் காய் என்று அடுக்கினோம். கீழ்த் தட்டுகளில் காமாட்சியுடையது, மேலே மற்றவர்களுடையது. விசிறி இரைந்தது. சூடு திரும்ப ஏற வெகுநேரம் ஆனது. நான் விறகு போட்டேன். மகேஸ்வரி எழுதுவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கெட்டுப்போன ரன்னை யாரும் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். இழுத்து மூடிவிட்டுப் படுக்கப் போவார்கள். அவள் அது காய்ந்து முடியும்வரை எடை எழுதினாள்.

காய் பிழைத்தது. காமாட்சி ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார்.

“மேலாப்புல கொஞ்சம் வெளுத்துருச்சு” என்றார். அவ்வளவுதான். சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மகேஸ்வரியும் நானும் பஸ்ஸில் மலையிறங்கினோம். டிரையர் அங்கேயே இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

லேபில் பக்கத்து மேசைக்கார ஆராய்ச்சி மாணவன் ஒருவன் யோசனை சொன்னான். “முதல் ரெண்டு ரன்னும் அச்சு அசலா இருக்கில்ல. ரெண்டுக்கும் நடுவுல மூணாவதப் போட்டுரு. அஞ்சு நிமிஷ வேலை. எல்லாரும் பண்றதுதான்.” அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு உதவத்தான் நினைத்தான். இந்த மாதிரி உதவி உங்களிடமும் கேட்பார்கள், உபகரணத்தின் பதிவில் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று. கேட்கிறவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

மகேஸ்வரி இரண்டு நாள் மூன்று வளைகோட்டையும் மேசையில் விரித்து வைத்தபடி இருந்தாள். மூன்றாம் நாள் டீச்சர் அறைக்குள் போனாள். கூட வாங்க அண்ணே என்று என்னையும் இழுத்துப்போனாள். நான் கதவோரம் நின்றேன்.

நடந்ததையெல்லாம் சொன்னாள், பேர் சொல்லாமல் அந்த யோசனையையும். டீச்சர் அந்த மூன்றாவது வளைகோட்டை எடுத்துப் பார்த்தார். பாதிவரை ஒழுங்காக இறங்கி, கதவு திறந்த இடத்தில் முறிந்து, அப்புறம் சோம்பேறித்தனமாக நீண்டு போயிருந்தது.

“இதை என்ன பண்ணப்போறே?”

“தெரியல டீச்சர். இது ரன்னே இல்ல. மூணு வேணும்னு கமிட்டி சொல்லிருக்கு. ரெண்டுதான் இருக்கு.”

“நோக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?”

“இந்த மாசக் கடைசி.”

“அடுத்த பறிப்பு?”

“அதுக்கப்புறம்தான்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “விதிமுறையைப் படிச்சியோ? எல்லாரும் கிரெடிட்டை எண்றா, யாரும் விதியைப் படிக்கறதில்லை. காலக்கெடு சமர்ப்பிக்கறதுக்காக்கும், பாஸ் பண்றதுக்கில்லை. நீ தீசிஸைக் கொடுத்துட்டா கடிகாரம் நின்னுடும். எக்ஸாமினர் திருத்திண்டு வான்னு திருப்பி அனுப்பினா, அதுக்குத் தனி அவகாசம் உண்டு, கேட்டியோ.”

“ரெண்டு ரன்ன வச்சுக் குடுத்தா திருப்பித்தான் அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும். ரெண்டு ஒழுங்கான ரன், ஒண்ணு ஒடஞ்சது. ஒடஞ்சது எப்படி ஒடஞ்சதுன்னு எழுது. கதவை யார் திறந்தா, ஏன் திறந்தா, எவ்வளவு காய் கூடப் போட்டா, எல்லாம்.”

“எங்க அப்பா லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கார் டீச்சர். திருப்பி அனுப்பிச்சாங்கன்னா ஃபெயில்னுதான் நினைப்பாங்க.”

“நெனச்சுக்கட்டும். நீ நடுவுல கோடு போட்டுண்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதை வெச்சுண்டு வந்தா போடறேன், கமிட்டிகிட்டயும் நானே சொல்லிக்கறேன். எக்ஸாமினர் என்ன சொல்வார்னு எனக்கும் தெரியாது. தைரியம் சொல்ல வரலை நான்.”

மாதக் கடைசிக்குள் தீசிஸ் போனது. உடைந்த ரன் அதில் தனி அத்தியாயம். வெகு நாள் பதில் வரவில்லை. அந்த நாட்களில் நான் ஒருமுறை பையைக் கட்டியே விட்டேன், மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு மில்லில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு. முடிவு தெரிந்தபிறகு போகலாம் என்று அவிழ்த்து வைத்தேன்.

பதில் வந்தது. திருப்பித்தான் அனுப்பியிருந்தார்கள். உடைந்த ரன்னைப் பற்றி எழுதியதை எக்ஸாமினர் குறை சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. மூன்றாவது ரன்னை ஒழுங்காகச் செய்து, திருத்தி, மறுபடி கொடுக்க வேண்டும். அதற்குக் கொடுத்த அவகாசத்துக்குள் ஒரே ஒரு பறிப்புச் சுற்று வந்தது.

மறுபடியும் மலைக்குப் போனோம். பாண்டியின் குழாய்கள் புதிதாக இருந்தன. அவர் அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “என்னால ஃபெயிலாயிட்டியாமே, உங்கப்பன் சொன்னான்.”

“ஃபெயில் இல்ல சித்தப்பா. திருப்பி அனுப்பிச்சிருக்காங்க. இன்னொரு தடவ ஓட்டணும்.”

“கதவு தொறக்காமயா?”

“ஆமா.”

காயை நாங்கள் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும், பாண்டி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். அன்றும் ஸ்டோர் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள்.

“அதுல எடமிருக்கும் போலயே.”

“அது பரீட்ச எழுதிக்கிட்டு இருக்கு. அங்கிட்டுப் போ.”

காமாட்சியும் சாக்கோடு வந்தார். பாண்டியைப் பார்த்துவிட்டு, “இவன எப்பருந்து கதவா மாட்டுனீக?” என்று என்னிடம் கேட்டார். பெரிய டிரையரில் அவருக்கு முதல் தட்டு ஒதுக்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகேஸ்வரி தராசின் கம்பி மேல்தகட்டில் உரசுகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் போனாள்.

“கிட்ட வராத” என்றார் பாண்டி.

“நான்தான் சித்தப்பா.”

“யாரா இருந்தா என்ன. எனக்குச் சொன்னது யாரும் தொறக்கக் கூடாதுன்னு.”

அந்த ரன்னில் எனக்கு வேலையே இருக்கவில்லை. விறகு போடுவதையும் அவருடைய ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். நான் பூப்பாறைவரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு ஜீப்பில் திரும்பினேன். மூன்று வளைகோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

டிரையரைக் கீழே கொண்டுவரவில்லை. வைவா முடிவதற்குள் எக்ஸாமினர் இன்னும் ஏதாவது ஓட்டச் சொன்னால் என்ன செய்வது என்று அங்கேயே விட்டு வந்தோம். யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மகேஸ்வரி போகிற போக்கில் பாண்டியிடம் சொன்னாள்.

வைவா நம் துறையின் செமினார் ஹாலில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். நான் பின்சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எக்ஸாமினர் சின்ன உருவம், மெதுவான குரல். கணக்கு, சூத்திரம், பிழை வரம்பு என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் புரிந்தது கடைசிக் கேள்வி மட்டும்தான்.

“முதல் தடவை கதவு திறந்துடுச்சு. இந்தத் தடவை திறக்கலைன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?”

“கதவுக்கு ஒருத்தரை உக்கார வச்சேன் சார்.”

“நம்பகமான ஆளா?”

“முதல் தடவ தொறக்கச் சொன்னதே அவர்தான் சார்.”

எக்ஸாமினர் பேனாவை மூடினார். அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, “உள்ள வா. ஏன் அழறே? பாஸாக்கும்” என்றார்.

அவள் முதலில் அப்பாவைக் கூப்பிட்டாள். அப்புறம் பாண்டியை. ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்கட்டும் என்று. ஸ்டோரில் ஆள் சத்தமாக இருந்தது, இன்னொரு பறிப்புச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

“சித்தப்பா, பாஸாயிட்டேன்.”

“பாஸா? நெசமாவா?”

“நெசமா.”

அந்தப் பக்கம் முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“அப்ப இனிமே அந்தப் பொட்டிக் கதவத் தொறந்துக்கிறலாமா ஆத்தா? இங்க நாலு சாக்கு நிக்கிது.”